முகம் இளையது, முதுகு பழையது: திருகோணமலைக் கடைத்தெரு நாட்குறிப்பு

வெள்ளி

ஒரு கடையின் கட்டடத்தைப் பார்க்க வேண்டுமானால் அது பூட்டியிருக்கும் நேரத்தில் போக வேண்டும். திறந்த கடையில் சாமான்தான் தெரியும். தொங்கும் வாளிகளுக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் பின்னால் சுவரும் நிலையும் கதவும் மறைந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து விடியப் புறப்பட்ட பஸ், வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக என்னைத் திருகோணமலையில் இறக்கியபோது நண்பகல் தாண்டிவிட்டது. ஜும்ஆத் தொழுகை நேரம். கடைத்தெருவில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. என் வேலைக்கு அது வாய்ப்பாகப் போயிற்று.

கட்டடங்களுக்குப் படம் வரைவது என் பிழைப்பு. புதிய வீடுகளுக்கு வரைந்து அலுத்துப்போகும்போது பழைய கட்டடம் எதையாவது அளந்து வரைவேன். அதற்கு யாரும் காசு தருவதில்லை. இந்த முறை அளக்க வந்தது, நண்பனின் தாய்மாமா சொன்ன ஒரு மாடிக்கடையை. மாமா இந்த ஊரின் ஓடாவி, மரவேலைக்காரர். இந்தத் தெருவில் அவர் ஏறாத கூரை இல்லை.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் நடுப்பகுதி ஓர் ஒடுங்கிய நிலத்துண்டு. ஒரு பக்கம் டச்சுக் குடா, மறுபக்கம் உட்துறைமுகம். ஒரு கடற்கரையில் தேநீர் குடித்துவிட்டு, அது செரிப்பதற்குள் நடந்து மறு கடற்கரைக்குப் போய்விடலாம். கடைகள் எல்லாம் இந்த ஒடுக்கத்தில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. வீதியைப் பார்த்த நிலம் எப்போதும் விலை கூடியது. ஆகவே கடைகள் அகலத்தில் சுருங்கி நீளத்தில் ஓடுகின்றன. வீதியிலிருந்து பார்ப்பவர் கட்டடத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடப் பார்ப்பதில்லை.

நான் வந்து பார்த்த கடையும் அப்படித்தான். முகப்பின் உச்சியில் படிப்படியாக ஏறி இறங்கும் கைப்பிடிச் சுவர், நடுவில் சூரியக் கதிர் விரிந்த சாந்துவேலை, அதன் கீழே நீட்டி இழுத்த மூன்று கோடுகள், மேல்மாடி யன்னல்களின் மேல் ஒரே நீளமாக ஓடும் கொங்கிரீட் நிழற்பலகை. 1930களில் பம்பாயிலும் கொழும்பிலும் நாகரிகமாக இருந்து, சிறிய ஊர்களுக்குப் பிந்தி வந்து சேர்ந்த ஆர்ட் டெகோ பாணி. கதிரின் நடுவில் ஆண்டு எழுதியிருந்திருக்கிறார்கள். "19" மட்டும் நிற்கிறது. மற்ற இரண்டு இலக்கங்களும் சாந்தோடு விழுந்துவிட்டன.

கொங்கிரீட்டைப் பார்த்து ஓரளவு வயது சொல்லலாம். 1950இல் காங்கேசன்துறை ஆலை உற்பத்தியைத் தொடங்கும்வரை இந்த நாட்டில் பாவித்த சீமெந்து கப்பலில் வந்தது. சிறுநகரக் கடைக்காரர் ஒருவர் அழகுக்காக மட்டும் இவ்வளவு நீளமான நிழற்பலகை வார்த்திருக்கிறார் என்றால், அது உள்நாட்டுச் சீமெந்து கைக்கு எட்டிய பிறகுதான் இருக்கும் என்று கணித்தேன். மாமா வந்ததும் அதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"சரிதான் தம்பி. ஆனால் இது முகம். முகத்தைக் கழுவிப் பவுடர் பூசியிருக்கிறார்கள். வயது கேட்க வேண்டுமானால் பின்னுக்குப் போக வேண்டும்."

தொழுகை முடிந்து கடைக்கார நானா வந்தார். தன் பெயரையும் கடையின் பெயரையும் எழுத வேண்டாம் என்றார். "வரிக்காரர்கள் வாசித்துவிட்டு அளவுநாடாவோடு வந்துவிடுவார்கள்" என்று சிரித்தார். விற்பது மீன்பிடிச் சாமான்: வலை, ஈயக்குண்டு, மிதவை, நைலோன் கயிறு, தூண்டில்.

அவர் கடையைத் திறந்த விதத்தைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வரலாம். வலப்பக்க வாசலுக்கு இன்னும் பலகைக் கதவுதான். நிலையின் மேலும் கீழும் தவாளிப்பு ஓடுகிறது. மேலே உள்ளது ஆழம், கீழே உள்ளது மேலோட்டம். பலகையை மேல் தவாளிப்புக்குள் முட்டத் தூக்கினால் கீழ்நுனி விடுபடும், வெளியே இழுத்துவிடலாம். பூட்டும்போது அதே வேலை தலைகீழாக. கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புச் சட்டமும் ஆமைப்பூட்டும். பலகைகளை இடம் மாற்றிப் போட முடியாது. மாரிமழையில் ஊதி வெயிலில் காய்ந்து ஒவ்வொன்றும் தன் பக்கத்துப் பலகைக்கு மட்டும் பொருந்துமாறு பழகிவிட்டது. அதற்காக ஒவ்வொன்றின் தலையிலும் உளியால் கோடு வெட்டி வரிசை குறித்திருக்கிறார்கள். நானா கோடுகளைப் பார்ப்பதே இல்லை.

இடப்பக்க வாசலுக்கு இரும்புச் சுருள்கதவு. "அது 2006க்குப் பிறகு" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று சந்தையில் குண்டு வெடித்ததும் அதைத் தொடர்ந்து நகரத்தில் கடைகள் எரிந்ததும் இந்தத் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டாதவை. வலப்பக்கப் பலகைகளிலும் இரண்டின் கீழ்நுனி கருகியிருக்கிறது. மரம் உறுதியாகத்தானே இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும் என்கிறார்.

சனி

நாள் முழுவதும் அளவெடுத்தேன். வாடிக்கையாளர்களின் கால்களுக்கு இடையில் நாடாவைப் பிடிப்பது ஒரு கலை. முகப்பு பத்தொன்பது அடி. நீளம் பின் ஒழுங்கைவரை நூற்று நான்கு.

வீதியிலிருந்து ஏழடி உள்ளே, வலை மூட்டைகளுக்கு நடுவில், இரண்டு உருண்டைத் தூண்கள் நிற்கின்றன. பாதி உடல் தட்டுகளுக்குள் புதைந்திருக்கிறது. கடைக்குள் தூணுக்கு அங்கே வேலையே இல்லை. முன்பு அது விறாந்தையின் விளிம்பு. வெயிலிலும் மழையிலும் ஆட்கள் நிழலோடு நடக்க, கடைகளின் முன்னால் விறாந்தைகள் தொடர்ந்து ஓடிய காலம் ஒன்று இருந்தது. பிறகு ஒருவர் விறாந்தையைக் கடையோடு சேர்த்துக்கொள்ள, பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டா இருப்பார்? இப்போது நடப்பவர்கள் வெயிலில் நடக்கிறார்கள். கடைகளுக்கு ஏழடி இலாபம். தனிப்பட்ட முறையில் எனக்கு அந்த நிழல்தான் வேண்டும்.

தூண்களுக்கு மேலே குறுக்காக ஓர் இரும்பு உத்தரம். எத்தனையோ தடவை தீந்தை பூசியும் அதன் வயிற்றில் எழுத்துகள் புடைத்து நிற்கின்றன: டோர்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து. 1932இல் திறந்த சிட்னித் துறைமுகப் பாலத்தைக் கட்டிய அதே கம்பெனி. உலகத்தின் ஒரு துறைமுகத்துக்குப் பாலமும் இன்னொரு துறைமுகத்தில் தூண்டில் விற்கும் கடைக்கு உத்தரமும் கொடுத்திருக்கிறது. இரும்பு வந்ததால்தான் நடுச்சுவரை எடுத்துவிட்டு, மேல்மாடியின் பாரத்தை அந்தரத்தில் நிறுத்தி, கடையை அகலத் திறக்க முடிந்தது.

கடைக்குப் பின்னால் கந்தோர் அறை. ஒரு மேசை, ஆளுயர இரும்புப் பெட்டி, சுவரில் காலண்டர்கள். அதற்குப் பின்னால் ஒரு முற்றம். இவ்வளவு நீளமான கட்டடத்தின் நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்க அது ஒன்றுதான் வழி. முற்றத்தைத் தாண்டினால் கிட்டங்கி, சாமான் சேமிக்கும் கட்டடம். கடைசியில் கிணறும் ஒழுங்கையும்.

மாமா சொன்ன பின்பக்கம் இந்தக் கிட்டங்கிதான். உள்ளே போனதும் காற்று மாறுகிறது. சுவர் ஒன்றரை அடிக்கு மேல் தடிப்பு. சாந்து பெயர்ந்த இடத்தில் விரலை வைத்தால் வெண்மையாக உதிர்கிறது, நடுநடுவே சிப்பித் துணுக்குகள். உள்ளே முருகைக்கல். கடற்கரை ஊர்களில் அதுவே கல், அதைச் சூளையில் சுட்டால் அதுவே சுண்ணாம்பு. முன்பக்கமோ செங்கல்லும் சீமெந்துப் பூச்சும்.

பிறகு கூரை. மாமா ஏணி வைத்தார். ஏறுவதை அவருடைய மகள் பார்த்திருந்தால் எங்கள் இருவரையும் சும்மா விட்டிருக்க மாட்டார். ஓடுகளைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். கிட்டங்கியின் ஓட்டு முதுகில் பாசல் மிஷன், மங்களூர் என்ற முத்திரை. முன்பக்கக் கூரையின் ஓட்டில் கொமன்வெல்த் முத்திரை. ஓட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் இதைவிட வேண்டுமா?

பாசல் மிஷன் என்பது ஜெர்மன், சுவிஸ் பாதிரிமாரின் சபை. 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் இந்தத் தட்டை ஓடு மலையாளக் கரையிலிருந்து கடல் கடந்து பல நாடுகளுக்குப் போயிற்று. நம்மவர்கள் கள்ளிக்கோட்டை ஓடு என்றும் சீமை ஓடு என்றும் அழைத்தார்கள். முதலாம் உலகப் போரில் ஜெர்மன்காரரின் சொத்து என்று ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினார்கள். போருக்குப் பின் தொழிற்சாலைகள் கொமன்வெல்த் டிரஸ்ட் என்ற புதிய கம்பெனியின் கைக்குப் போயின. ஆகவே கிட்டங்கியின் ஓடு போருக்கு முந்தியது. முன்பக்கத்து ஓடு பிந்தியது.

அதோடு முடியவில்லை. மாமா கைமரங்களைத் தட்டிக் காட்டினார். சீமை ஓட்டின் பாரத்துக்கு இவ்வளவு நெருக்கமாக மரம் போடத் தேவையில்லை. மேலும், கைமரங்களின் மேல்முகத்தில் இப்போது ஓட்டைத் தாங்கும் சிலாகைகளுக்குப் பொருந்தாத பழைய ஆணித் துளைகள் வரிசையாக இருக்கின்றன.

"இதில் முதலில் பீலி ஓடு போட்டிருந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்று குவிகிற ஓடு, நல்ல பாரம். அதற்குக் கட்டிய கூரை இது. சீமை ஓடு வந்ததும் ஓட்டை மட்டும் மாற்றிவிட்டார்கள்."

அப்படியானால் கிட்டங்கியின் மரமும் சுவரும் அதன் ஓட்டைவிடவும் பழையவை. தீராந்தி என்ற பெரிய உத்தரம் என்ன மரம் என்று கேட்டேன். சாவண்டலை என்றார், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆங்கிலேய மரவியாபாரிகள் இந்த ஊரின் பெயராலேயே அழைத்த மரம் அது. இங்கிருந்து கப்பலேறி, சென்னைக் கரையில் அலைதாண்டும் மசூலாப் படகுகளுக்குப் பலகையானது. துறைமுகத்துக்கு ஏற்றுமதிக்கு வந்த மரத்தில் ஒரு துண்டு இந்தக் கூரையில் தங்கிவிட்டிருக்கிறது.

ஞாயிறு

கடை பூட்டு. மாமாவின் வீட்டில் இடியப்பமும் மீன்சொதியும். அதன் பிறகு கோட்டைக்கு நடந்தேன்.

கோணேசர் கோயிலைப் பற்றியும் சுவாமி மலையிலிருந்து தெரியும் கடலைப் பற்றியும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மான்கள் வழக்கம்போல வாகனங்களுக்கு வழிவிடாமல் நின்றன. எனக்கு வேலை கோட்டை வாசலில் இருந்தது. அங்கே கதவுநிலைக் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயலும் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனைப் பற்றிய கல்வெட்டுத் துண்டும் இருக்கின்றன. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், இடையில் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். 1803இல் யோர்க் கோமகனின் பெயரை வைத்து பிரெட்ரிக் கோட்டை ஆக்கினார்கள். கைகள் மாறினாலும் கல் அங்கேயே நின்றது. இந்த ஊரில் எதையும் முழுதாக எறிந்துவிடும் வழக்கம் இல்லை போலிருக்கிறது.

திரும்பும் வழியில் ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையர் இல்லத்தைப் பார்த்தேன். இப்போது அருங்காட்சியகம். பருத்த தூண்கள், உயர்ந்த விறாந்தை, நல்ல பராமரிப்பு. அழகான கட்டடம்தான். ஆனால் அது ஒரே மூச்சில், அரசாங்கப் பணத்தில், ஒருவரின் உத்தரவில் எழுந்தது. கடைத்தெருவில் கையில் பணம் சேர்ந்தபோது ஒரு துண்டு, கடன் தீர்ந்தபோது இன்னொரு துண்டு என்றுதான் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் துண்டுகளில்தான் ஆள் தெரிகிறார்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அதற்கு முந்திய கட்டடத்துக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. பிந்தியதற்குத் தனியாக வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். கண்டி விழுவதற்கு இருபது வருடம் முன்பே ஆங்கிலேயர் கையில் இருந்த இந்தத் துறைமுக ஊருக்கு அந்தத் தேதி என்ன சம்பந்தம் என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். கோட்டைச் சுவரில் ஆணி அடித்தால் குற்றம். கடைத்தெருவின் விறாந்தைத் தூணைப் பெயர்த்தால் அது திருத்தவேலை.

இதைச் சொல்லி மாலையில் நானாவிடம் அங்கலாய்த்தேன். அவர் வீட்டு வாசலில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தார். "வேண்டவே வேண்டாம் தம்பி. ஒரு பலகை மாற்ற நான் கொழும்புக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்கவா?" என்றார். அதற்கும் பதில் இல்லை என்னிடம்.

திங்கள்

மேல்மாடிக்கு இன்றுதான் ஏறினேன். படிகள் செங்குத்து, கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். முன்பு கணக்கப்பிள்ளைமார் தங்கிய இடம். இப்போது கிழிந்த வலைகளும் பழைய கணக்குப் புத்தகங்களும் தங்குகின்றன. தரை முதிரைப் பலகை, கால் வைத்தால் முனகுவதில்லை.

இங்கே ஒன்றை ரசித்தேன். அறைகளின் குறுக்குச் சுவர்கள் கூரைவரை போகவில்லை. மேலே ஒன்றரை அடிக்கு மரச்சட்டப் பின்னல். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் இந்த ஊரில் வெளியே நிற்க முடியாது, உடம்பு வரண்டுவிடும். அந்தக் காற்று கிட்டங்கியின் தடித்த சுவரில் மோதி, முற்றத்தில் கொஞ்சம் ஆறி, பின்னல் வழியாக மாடியின் தலைக்கு மேலால் வீதிப்பக்கம் வெளியேறுகிறது. மாரியில் வாடை கடற்பக்கமிருந்து மழையைச் சாய்த்துக்கொண்டு வரும்போது வீதிப்பக்க யன்னல்களைச் சாத்திவிட்டு முற்றத்துப் பக்கத்தைத் திறந்துகொள்ளலாம். மின்விசிறி இல்லாத காலத்துக் கணக்கப்பிள்ளைக்குக் கணக்குப் பிழைக்காமல் இருந்திருக்கும்.

கூரையில் ஒரு மூலையில் மட்டும் அஸ்பெஸ்டஸ் தகடு. 1964 டிசம்பர்ப் புயலில் பறந்த இடமாம். அந்தப் புயல்தான் தனுஷ்கோடியையும் கொண்டுபோனது.

இரவு விடுதியில் படத்தை மையிட்டபோது துண்டுகள் வரிசைக்கு வந்தன. கிட்டங்கி ஆங்கிலேயர் காலத்தின் முற்பாதி: முருகைக்கல், சுண்ணாம்பு, பீலி ஓடு. நடுக்கடையும் மாடியும் முதலாம் உலகப் போருக்குப் பின். 1927இல் ரயில் இந்த ஊருக்கு வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. கடற்படைக்கு வேலை செய்தவர்கள் சம்பளத்தோடு கடைத்தெருவுக்கு வந்தார்கள். இரும்பு உத்தரம் அந்தப் பணம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது நானாவின் பாட்டனார் சாமானை வள்ளத்தில் ஏற்றிக் கிண்ணியாவுக்கு அனுப்பினாராம். பிறகு திரும்பி வந்து, கப்பல்காரர்களுக்குச் சவர்க்காரமும் சிகரெட்டும் விற்றே கடனை அடைத்தார் என்பது குடும்பக் கதை. முகப்பு அதற்குப் பின் மிஞ்சிய பணம். 1957இல் ஆங்கிலக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போயிற்று. அதன் பிறகு இந்தக் கட்டடத்தில் அழகுக்காக ஒரு கல்லும் வைக்கப்படவில்லை. சேர்ந்தவை தகடும் சுருள்கதவும்தான்.

எல்லாவற்றிலும் இளைய துண்டுதான் இப்போது மோசமாக இருக்கிறது. கடற்காற்றின் உப்பு கொங்கிரீட்டுக்குள் ஊறி, கம்பி துருப்பிடித்து ஊதி, நிழற்பலகை அடியில் பாளம் பாளமாகப் பெயர்கிறது. கிட்டங்கியிலும் யாரோ நல்லது செய்வதாக நினைத்துச் சுண்ணாம்புச் சுவரின் கீழ்ப்பாதிக்குச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். நிலத்து ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்தப் பூச்சு தொப்பையாகத் தள்ளி நிற்கிறது. பூசாத மேல்பாதி நன்றாக இருக்கிறது. சீமெந்தைத் தட்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள், நிழற்பலகையை மழைக்கு முன் பாருங்கள், கீழே ஆட்கள் நடக்கிறார்கள் என்று நானாவிடம் சொன்னேன். நிழற்பலகையைச் செய்வதாக ஒப்புக்கொண்டார். சுண்ணாம்புக்குத் தலையாட்டினார், செய்வார் என்று நான் நினைக்கவில்லை.

படத்தின் ஒரு பிரதியைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். கிட்டங்கியின் வயதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டார், ஆனால் விரல் மாடியின் அறைகளில்தான் ஓடியது.

"மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட யோசனை தம்பி. அறை இருக்கிறது, காற்று இருக்கிறது. மலசலகூடம்தான் இல்லை. அதை எங்கே வைக்கலாம் என்று இந்தப் படத்திலேயே குறித்துத் தந்துவிட்டுப் போங்கள்."

பலகைத் தரையின் மேல் வேண்டாம், ஈரம் முதிரையையும் தின்றுவிடும் என்றேன். முற்றத்தின் தென்மூலையில், பழைய சுவரைத் தொடாமல் தனியாக நான்கு தூண் எழுப்பி, மாடி மட்டத்தில் ஒரு சிறு பாலம் போட்டால் குழாய் நேராகக் கீழே இறங்கும். கிணற்றிலிருந்தும் இயன்றளவு தள்ளி இருக்கும். பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். முற்றத்தில் அவ்வளவு இடம் போனால் வெளிச்சம் குறையாதா என்று கேட்டார். குறையும், ஆகவே ஐந்தடிக்கு ஐந்தடிக்கு மேல் போகாதீர்கள் என்று அளவையும் எழுதினேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று திருத்தினார்.